சாமந்திப்பூ அழியாத துப்பாக்கி

1997 ஜூலை 14, திங்கள்

இன்றும் துடைத்தது ரஷ்யத் துப்பாக்கிகள்தான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஏதோ ஒரு பட்டாளக் கிடங்கில் கிடந்தவை. துருப்பிடிக்காமல் இருக்க அங்கே பூசிய கிரீஸ் பழுப்பு மெழுகாக இறுகிவிட்டது. அப்பா பெட்டியோடு வாங்குகிறார், நான் துடைக்கிறேன். சனிக்கிழமைகளில் துப்பாக்கிச் சந்தையில் மேசை போட்டு, பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்களிடம் விற்கிறோம்.

ஒவ்வொன்றையும் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி பிக்கப் வண்டியின் பின்னால் வெயிலில் கிடத்த வேண்டும். கிரீஸ் உருகிப் பைக்குள் ஒழுகும். வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தால் பிணங்கள் மாதிரி இருக்கிறது. சின்னப் பாகங்களை அப்பா சமையலறை ஓவனிலேயே சூடாக்குகிறார். நேற்று அதே ஓவனில் செய்த மீட்லோஃப் இறைச்சியில் கிரீஸ் வாடை. அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் வாயில் போட்டதைத் துப்பிவிட்டேன்.

பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலே எனக்கு வாந்தி வரும். அதனால்தான் பள்ளியை விட்டே நின்றேன். இங்கே யாரும் வாசிக்கச் சொல்வதில்லை. வாந்தி மட்டும் வருகிறது.

ஜூலை 17, வியாழன்

மில் சாலையில் இருக்கும் மிஸ்டர் ஸ்லோகம் வந்தார். போர்வையில் சுற்றி ஒரு ஜப்பான் துப்பாக்கி.

"வீட்டுல வெச்சிக்கப் புடிக்கல, டுவேன்," என்றார் அப்பாவிடம். "பேரப்பய எடுத்துத் தோள்ல வெச்சிக்கிட்டு டுமீல் டுமீல்ங்கறான்."

அப்பா முதலில் பார்த்தது குழல் தொடங்கும் இடத்தில் இரும்பில் வெட்டியிருந்த சாமந்திப்பூவை. கட்டைவிரலால் தடவினார். முகம் மாறாமல் பார்த்துக்கொண்டார். லாபம் தெரிந்தால் வைத்துக்கொள்ளும் அந்த முகம் எனக்குத்தான் தெரியுமே.

"எங்க கெடச்சுது?"

"ஜப்பான் சண்டையப்ப, ஒகினாவா தீவுல, ஒரு குகையில. நான் சுடல. வயித்துப்போக்குல செத்திருந்தான். சின்னப் பையன். உக்காந்தபடியே. மடியில இது. எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்." பிறகு சொன்னார்: "அதுக்கு மேல கதை கெடையாது. நீயும் எதையும் சேக்காத."

"சத்தியமா சேக்க மாட்டேன்," என்றார் அப்பா.

துப்பாக்கியின் மரக்கட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. அதை நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "டிராக்டர் ஆயில், பாப்பா. கொட்டகையில மேல இருந்து சொட்டிருச்சு. நீ தொடச்சா போயிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 18, வெள்ளி

ரஸ் வந்திருந்தார். அப்பாவின் சந்தைக் கூட்டாளி. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "என்ன ஊமச்சி, இன்னிக்காவது வாயத் தொறந்தியா?"

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். சிரித்தார்.

அந்தப் பூ ஜப்பான் ராஜாவின் முத்திரையாம். தோற்று ஆயுதங்களை ஒப்படைத்தபோது, ராஜாவின் பூ எதிரி கைக்குப் போகக் கூடாதென்று அவர்களே அராவி அழித்துவிட்டுக் கொடுத்தார்களாம். ஆக, பூ அழிந்திருந்தால் சண்டை முடிந்து அவர்களே கொடுத்த துப்பாக்கி. பூ முழுசாக இருந்தால் சண்டை நடக்கும்போதே எடுத்தது.

"செத்தவன் கையில இருந்து வந்தது," என்றார் ரஸ், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற குரலில். "அதுக்குத்தான்டா வெல."

"கறையும் இருக்கு," என்றார் அப்பா.

இருவரும் கறையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

கறையைத் துடைக்க டர்பன்டைன் துணியோடு ஜப்பான் துப்பாக்கியை எடுத்தேன். "அதத் தொடாத," என்றார் அப்பா.

ஜூலை 26, சனி

சந்தை. கண்காட்சி மைதானக் கொட்டகை, மின்விசிறி இல்லை, வியர்வையும் ஹாட் டாக் எண்ணெயும் கலந்த நாற்றம். எங்கள் மேசையில் ஜப்பான் துப்பாக்கியை மட்டும் பச்சை வெல்வெட் துணிமேல் வைத்திருந்தார் அப்பா.

காலையில் அப்பா சொன்ன கதை இப்படி இருந்தது: கிழவர் சண்டையில் எடுத்தது, கறை என்னவென்று தெரியாது. காபி குடித்த பிறகு, ரத்தமாக இருக்கலாம். மத்தியானம் அது ரத்தமேதான். கடைசியில் கிழவர் கத்தியால் குத்தினார், பையன் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே செத்தான்.

சொல்லச் சொல்லக் கூட்டம் நெருங்கியது. ஒருவன் குனிந்து மோந்து பார்த்தான். டிராக்டர் ஆயிலை. இன்னொருவன் தன் மகனைத் தூக்கி, அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்துக் கறைமேல் வைத்துத் தேய்த்து, "ஜப்பான்காரன் ரத்தம்டா," என்றான். குழந்தை விரலை வாயில் வைத்துக்கொண்டது.

எனக்குக் குமட்டியது. கழிப்பறைக்கு ஓடப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "கிழவர் சொன்னப்ப எம் பொண்ணு பக்கத்துலயே நின்னு கேட்டா. இவளுக்குப் பேச்சே வராது, பொய் எங்க வரப்போகுது? ஏம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை கண்கள். என் தலை ஆமாம் என்று தானாக ஆடியது.

ஜூலை 27, ஞாயிறு

தலைய ஆட்டுனேன். ஏன் ஆட்டுனேன்? பேசாம இருக்கறவ பொய் சொல்ல மாட்டான்னு எல்லாரும் நெனக்கறாங்க. அத வெச்சே அப்பா என்னையே விக்கறாரு. துப்பாக்கிக்கு வெல்வெட் துணி மாதிரி நான்.

சந்தையில் கதை கேட்ட பல் டாக்டர் விட்மர் ஜப்பான் துப்பாக்கிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வாராம். வாங்குமுன் கதையை என் வாயால் ஒருமுறை கேட்க வேண்டுமாம்; பேசாத பெண்ணே பேசிவிட்டால் சந்தேகம் இல்லையாம்.

"கிழவர் சொல்லும்போது அழுதாருன்னு சொல்லு," என்றார் அப்பா. "நாலே நாலு வார்த்த. அதுக்கப்புறம் உன்னப் பேசவே சொல்லமாட்டேன், கண்ணு."

மிஸ்டர் ஸ்லோகம் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 30, புதன்

அப்பா சாப்பிடும்போது, சந்தையில் என் கையைப் பிடித்து நிறுத்திய அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டேன். வேறு யாராவது என்னைப் பொய்க்கு இழுத்திருந்தால் வெறுப்பது எளிதாக இருந்திருக்கும். குளிர்காலத்தில் எனக்கு முன்னால் எழுந்து என் காலணியை ஹீட்டர் பக்கத்தில் வைப்பவரும் இவர்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அப்பா ரஸ்ஸோடு பெட்டி எடுக்கப் போயிருந்தார். துப்பாக்கிகள் இருக்கும் கராஜ் கதவைத் திறந்து வைத்தேன், வெளிச்சத்துக்கு.

முதலில் கறை. டர்பன்டைன், துணி. மிஸ்டர் ஸ்லோகம் சொன்னதுபோலவே போய்விட்டது. கீழே மரம் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கறை போனாலும் பூ இருக்கும்வரை செத்தவன் கைத் துப்பாக்கிதானே. வெல்வெட் துணியும் கதையும் வேறு கிடைக்கும்.

அரத்தை எடுத்தேன். சேகரிப்புக்காரர்கள் உலகத்தில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. பழைய இரும்பை மினுக்கினாலே திட்டுவார்கள். முதல் இழுப்பில் பல் கூசியது. பூ லேசில் போகவில்லை. இதழ்கள் ஒவ்வொன்றாக மழுங்கின. கடைசியில் நடுவட்டம் மட்டும் கொஞ்ச நேரம் கண் மாதிரி பார்த்தது. அதையும் அராவினேன். அந்த இடம் வெள்ளையாகப் பளபளத்தது. இரும்புத் தூளை ஊதிவிட்டு, வெல்வெட் துணியில் திரும்ப வைத்து, மூடினேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குமட்டவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

விட்மர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். அப்பா துணியை விலக்கினார்.

அப்பா குனிந்தார், நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன டுவேன் இது? பூ எங்க?" என்றார் விட்மர்.

"நான்தான் அராவினேன்."

என் குரல்தான். கரகரவென்று வந்தது. நிறுத்தினால் திரும்ப வராது என்று தொடர்ந்து சொன்னேன்: "அது ரத்தம் இல்ல. டிராக்டர் ஆயில். மிஸ்டர் ஸ்லோகம் யாரையும் குத்தல. அந்தப் பையன் வயித்துப்போக்குல செத்தான். உக்காந்தபடியே."

விட்மர் முகத்தைச் சுளித்தார். பொய்க்காக இல்லை. "வயித்துப்போக்கா," என்று கையுறையைக் கழற்றினார். "முன்பணத்தத் திருப்பிக் குடு, டுவேன்."

கார் போன பிறகு அப்பா கேட்டார்: "பூவ அராவுனா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் பண்ணுனியா?"

"தெரிஞ்சுதான்."

"இத்தன நாள் பேசாதவ, இதுக்கா பேசின."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா பேசவில்லை. இப்போது வீட்டில் இரண்டு ஊமைகள்.

ஆகஸ்ட் 6, புதன்

மிஸ்டர் ஸ்லோகம் வந்தார். சந்தைக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. நேராக கராஜுக்குள் வந்தார், முகம் சிவந்து.

"உங்கப்பன் எங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு வாயாலும் சொன்னேன்.

"நான் குத்திக் கொன்னேனாம். கடையில ஒருத்தன் என் கையப் புடிச்சுக் குலுக்கறான். த்தூ." ரஷ்யத் துப்பாக்கிகளுக்கு நடுவே அது சாய்ந்திருந்ததைப் பார்த்துக் கையில் எடுத்தார். வெள்ளை இடத்தில் கட்டைவிரல் நின்றது. "இத யாரு பண்ணது?"

"நான்."

ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். கோபம் வடிந்ததா, நினைவு வேறு எங்காவது போனதா தெரியவில்லை.

"சண்ட முடிஞ்சதும் எங்களக் கப்பல் ஏத்தி ஜப்பானுக்கே கொண்டுபோனாங்க. ஆயுதம் வாங்கற வேல. குவியல் குவியலா, எல்லாமே இப்பிடித்தான், பூவ அராவி. அவங்க சிப்பாயிங்க வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம நடந்தானுங்க."

"எங்க?"

"வேற எங்க? வீட்டுக்கு."

துப்பாக்கியை இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டு, அப்பாவுக்கு எதுவும் சொல்லாமல் போனார்.

ஆகஸ்ட் 9, சனி

அப்பா விடிந்ததும் சந்தைக்குச் சாமான்களை வண்டியில் ஏற்றினார். ரஷ்யத் துப்பாக்கிகள், மேசை. ஜப்பான் துப்பாக்கியையும் வெல்வெட் துணி இல்லாமல் மற்றவற்றோடு அடுக்கினார். சீட்டில் விலை மட்டும் எழுதியிருந்தார், ரஷ்யத் துப்பாக்கியின் மலிவு விலை.

"வர்றியா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வரல."

என் மடக்கு நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கிரீஸ் வாடை போக ஓவனைத் துலக்க ஆரம்பித்திருக்கிறேன்.