அகப்பைக் காம்பு

அச்சுவேலி,
மாசி 1986

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். அம்மா என்னைக் கிணற்றடிக்கும் தனிய விடுறாவில்லை.

நேற்று வெல்டிங் ஒட்டுப் பட்டறைக்குப் போற வழியிலை சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தியளே, அந்த எஞ்சினைப் பற்றித்தான் எழுதுறன். பழைய வள்ளத்துக்குப் பலகை மாத்தி முடியமுந்தி அரைவிலைக்கு எஞ்சினும் கிடைச்சிட்டுது. நல்லது. ஆனா குணசிங்கத்தார் ஏன் அவ்வளவு மலிவாத் தந்தவர் எண்டு கேட்டனீங்களோ?

இழுத்து ஸ்டார்ட் பண்ணுற கயிற்றிலை ஒரு மரப்பிடி கிடக்கு. அது அம்மாவின்ரை உடைஞ்ச அகப்பைக் காம்பு. எங்கடை அண்ணை குந்தியிருந்து அறுத்துத் துளை போட்டவர். அடுப்பிலை சுட்ட கறுப்பு இன்னும் போகேல்லை. அம்மா நிண்டபடியால் நான் வாய் திறக்கேல்லை.

அண்ணையும் வள்ளமும் எஞ்சினும் ஒண்டாக் கடலுக்குள்ளை தாண்டு போனதைத் தன்ரை கண்ணாலை கண்டதெண்டு வந்து சொன்னவரும் இதே குணசிங்கத்தார்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் உடம்பில்லாமலே கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியை செய்தம். அண்ணி தாலியைக் கழட்டினவ. தாண்ட எஞ்சின் கரைக்கு வந்ததெண்டால் அண்ணை எங்கை?

அவரிட்டைக் கேளுங்கோ எண்டு சொல்லத்தான் எழுதத் தொடங்கினனான். எழுத எழுத வேறை ஒண்டு நினைவுக்கு வருது.

அம்மா தேத்தண்ணி நீட்டேக்கை நீங்கள் இடக்கையாலை வாங்கினனீங்கள். மாமியிட்டை ஒருநாளும் அப்பிடி வாங்காத ஆள். வலக்கை அந்தப் பிடியை அம்மாவின்ரை கண்ணிலை படாமல் பொத்திக்கொண்டு இருந்தது. அவ உள்ளுக்குப் போகுமட்டும் நீங்கள் கையை எடுக்கேல்லை.

இப்படிக்கு,
உங்கடை பிள்ளையின்ரை தாய்