கூடத்தில் போட்ட கோடு

அம்மாடி,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. என் கண்ணில் வந்த கட்டிக்காக டாக்டர் தைத்து வைத்த கதிர்வீச்சுத் தகட்டை இன்று எடுக்கிறார்கள். அம்மாவும் நானும் கிளம்புகிறோம். சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

"மாசமா இருக்கறவங்க கிட்ட வரக்கூடாது" என்று டாக்டர் சொன்னதால்தான் கூடத்தில் என் தையல் சாக்கட்டியால் கோடு போட்டேன். "பெத்த பொண்ணையே ஒதுக்கி வைக்கிறீங்களேப்பா" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். தினமும் அந்தக் கோட்டை ஒரு சாண் என் பக்கம் தள்ளிப் போட்டாயே, தெரியாதா எனக்கு? ஒரு கண்ணுக்குத்தானே கட்டு! நானும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி, இப்போது சுவரில் முட்டி நிற்கிறேன்.

அப்பா

பி.கு. கோட்டை அழிக்கிறேன் என்று குனியாதே, வந்து நானே அழிக்கிறேன். உன் நாற்காலியை என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.