மாணிக்கக் குழியில சிப்பி

வெள்ளிக்கிழமை. இன்னும் மழை விடல.

இன்னைக்கு எங்க வீட்டுக்காரரே என்னைக் குழிக்குக் கூப்பிட்டாரு. பொம்பள வந்தா கல்லு கிடைக்காதுன்னு இத்தனை வருசமா அந்தப் பக்கமே விட்டதில்ல. மாணிக்கம் தோண்டுறத நிப்பாட்டி, குழியில நின்ன தண்ணியில முத்துச் சிப்பி வளக்க ஆரம்பிச்ச பிறகும் அதே சட்டம்தான்.

போனா ஒரே நாத்தம். வலையில தொங்குன சிப்பியில பாதி செத்து வாயைத் திறந்து கிடக்கு. "நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்"ங்கிறாரு. எப்படிப் பாத்தீங்கன்னு கேட்டேன். தெனமும் ஒவ்வொன்னா எடுத்து, கத்தியால வாயை நெம்பி, முத்து வந்திருச்சான்னு பாத்தாராம். தோண்டுன மண்ணை அன்னைக்கே கழுவி, கல்லு இருக்கான்னு பாத்துப் பழகின மனுசன்!

செத்த சிப்பியில இருந்து ஒரு மணிய எடுத்து என் கையில வச்சாரு. லேசா மினுங்குது. "இது முத்தா, நீங்க உள்ளுக்கு வச்ச மணிதானா?"ன்னு கேட்டேன். மணி மேல சிப்பி பூசுற பூச்சுதான் முத்துன்னு சிப்பி வளக்கப் பழக கஹவத்தை ஊருக்குப் போனப்ப அங்க சொன்னாங்களாம். எவ்வளவு பூசுனா முத்துன்னு அவருக்கும் தெரியல.

மிச்சம் உசிரோட இருக்கு. "திறந்து பாப்பமா? நீ சொல்லு"ன்னாரு. குழி விசயத்துல என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல. வேணாம், விடுங்கன்னேன். சரின்னு கத்திய என்கிட்டயே குடுத்துட்டாரு.

சரியாத்தான் சொன்னேனா? உள்ளுக்கு ஒன்னுமே இல்லாட்டி?

அவரு நிம்மதியா தூங்குறாரு. கத்தி என் தலகாணிக்குக் கீழ இருக்கு. ஒன்னே ஒன்னை மட்டும் திறந்து பாத்தா என்னன்னு எனக்குத்தான் இப்ப கை பரபரங்குது.