பஸ்ஸில் பக்கத்து சீட்

அம்மா,

இன்று காலை உன் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் பெருங்காய வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு தரம் சோப்பில் ஊறவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போட்ட பை அது. ஹனோய் விமான நிலையத்தில் உன் புளிக்காய்ச்சல் டப்பா மூடி திறந்துகொண்டு அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் இறங்கியதே, அந்தக் கறையும் அப்படியே இருக்கிறது. போன மனுஷியை விட அவளுடைய பெருங்காயத்துக்கு ஆயுசு கெட்டி.

பையை நானாக இறக்கவில்லை. லீனா கேட்டாள். ஆமாம், உன் லீனாதான், வியட்நாமில் நம் அறையில் கீழ்க்கட்டிலில் படுத்திருந்த ஜெர்மன்காரி. முதுகில் மூட்டையோடு செவ்வாய்க்கிழமை நம் தெருவுக்கு வந்து, நீ மூன்று வருஷத்துக்கு முன் உன் கையால் எழுதிக்கொடுத்த விலாசத்தைக் காட்டிக் கதவைத் தட்டினாள். அவள் சொன்ன ஒரு விஷயத்தால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் உனக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு நாம் இரண்டு பேரும் கடைசியில் அவ்வளவு சௌஜன்யமாக இல்லை.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆபீஸ் பத்து நாள் மூடும். நான் ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவேன். அங்கே யாருக்கும் நான் கரமனை அக்ரஹாரத்துப் பெண் இல்லை, கல்யாணம் ஆகாத முப்பத்தாறு வயசு இல்லை, விதவைத் தாயாரின் ஒரே பெண் இல்லை. எட்டுக் கட்டில் அறையில் ஒரு கட்டில், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளை நான் யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை. அந்த வருஷம் டிக்கெட் போடுகிற நேரத்தில் நீ காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கும் சேத்துப் போடு" என்றாய். நான் விழித்தேன். "உன் கூட வரல்லே. வியட்நாமுக்கு வரேன், கேட்டயா" என்றாய்.

ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள் நீ. உன் இங்கிலீஷுக்கு முன்னால் என் இங்கிலீஷ் கைகட்டி நிற்கும். ஆனாலும் நீ ஹாஸ்டலில் படுப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படுத்தாய். ஏணி ஏறி மேல்கட்டிலில் படுத்தாய். எல்லாரோடும் பேசினாய், வீதியில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து வெறும் சோறும் கீரையும் சாப்பிட்டாய். ஒன்றே ஒன்றை மட்டும் விடவில்லை. காலையில் குளித்து மடிப்புடவை உடுத்தி ஜபம் பண்ணியாக வேண்டும். மடியும் வேண்டும், வியட்நாமும் வேண்டும் உனக்கு.

ஸாபா மலையில் நடக்க உனக்கு நான் ஒரு மலையேற்றக் கம்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். நீ அதை ஒரு நாள்கூட ஊன்றவில்லை. இரண்டு மேல்கட்டில்களின் கம்பிகளுக்கு நடுவே குறுக்காக வைத்துக் கட்டி, மறுநாளைக்கான புடவையை நனைத்து, யார் கையும் படாத உயரத்தில் குடைக்காம்பால் தள்ளித் தள்ளி உலர்த்தினாய். நம் ஆத்தில் கொடியில் உலர்த்துகிற மாதிரியே. ஆத்தில் கொடிக்குக் கீழே சிமெண்டுத் தரை. அங்கே கீழே லீனாவின் படுக்கை. பஞ்சு வைத்த தூங்கும் பை ஊறி, தலையணை ஊறி, தரையில் தண்ணீர் ஓடி அடுத்த கட்டில்வரை போய்விட்டது.

ரிசப்ஷன் பெண் மேலே வந்தாள். அறையில் நான், லீனா, இன்னும் மூன்று பேர். நீ குளியலறையில். அந்தப் பெண் தொங்குகிற புடவையைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாள் யாரோடு வந்தவர் என்று பொதுவாகக் கேட்டாள். நான்கு தலைகள் என் பக்கம் திரும்பின. லீனா சிரித்துக்கொண்டே, உன் அம்மாதானே என்றாள்.

இல்லை என்றேன். தெரியாது, பஸ்ஸில் பக்கத்து சீட், அவ்வளவுதான் பழக்கம் என்றேன்.

யாரும் கோபமாக இல்லை, அம்மா. நனைந்த லீனாவே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானம்கூட இல்லை, வெறும் வயிற்றெரிச்சல். மூன்று நாளில் அந்த அறை உன்னைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் "அந்த அம்மாவோடு வந்த பெண்" ஆகிவிட்டேன். கரமனையில் இருக்கிறதையே கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டாயே என்று ஆத்திரம். வாயில் வந்துவிட்டது. நிமிர்ந்தால், ஈரத் தலையில் துண்டோடு நீ வாசலில் நிற்கிறாய்.

உன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர்களைப் பார்த்து, இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாய்: "ஆமாம், பஸ்ஸில்தான் பழக்கம். ரொம்ப உபகாரமான பெண்."

அன்று மத்தியானமே நீ கட்டில் மாறினாய். என்னைக் கடக்கும்போது வழியில் பார்த்தவர்களுக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாய். மிச்சமிருந்த ஐந்து நாளும் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, லீனாவிடமும் மற்றவர்களிடமும் உன் "ஊரில் இருக்கிற பெண்ணை"ப் பற்றிப் பேசினாய். அவளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அப்பா போன அன்று, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த உன் தலையைச் சீப்பு இல்லாமல் விரலாலேயே கோதிப் பின்னினாளாம். முதல் சம்பளத்தில் உனக்குச் செருப்பு வாங்கினாளாம். கம்புகூட அவள் வாங்கிக் கொடுத்ததாம். அவர்கள் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்தார்கள். நான் நூடுல்ஸைப் பார்த்தேன். என்னைக் குத்துவதற்கென்றே ஒரு உத்தமியை ஜோடித்துச் சொல்கிறாய் என்று பல்லைக் கடித்தேன்.

ஊரில் விமானம் இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இமிகிரேஷன் கவுண்டரில் அந்த ஆள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, மலையாளத்தில், "ஒந்நிச்சாணோ?" என்று கேட்டார். சேர்ந்து வந்தவர்களா என்று. நீ பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாய். ஏதோ வேடிக்கை பார்க்கிறாய் என்று எனக்குப் பட்டது. நான் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

பிறகு ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வருஷம். விருந்தாளிக்கு வைக்கிற வெள்ளி டம்ளரில் எனக்குக் காப்பி தந்தாய். கேட்காமலே மடித்த துண்டு கட்டிலில் இருக்கும். "சாதம் போடட்டுமா, இன்னும் கொஞ்சம் நாழியாகட்டுமா?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்பாய். அதுவரை தட்டை ணங்கென்று வைத்து, "கொட்டிக்கோடி" என்பவள் நீ. அந்த "டி" ஒரு நாளும் திரும்பி வரவில்லை. உன் மரியாதைக்கு முன்னால் அடி உதை எல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் கெஞ்சாமல் இல்லை. சமையலறையில் நீ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, தப்புதாம்மா, விட்டுடேன் என்றேன். நீ கத்தியை நிறுத்தவே இல்லை. "பிரயாணத்துல இதெல்லாம் சகஜமாக்கும். பஸ்ல பக்கத்துல உக்காந்தவா மன்னிப்பு எதுக்குக் கேக்கணும்?" என்றாய். அதற்குப் பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நீ கூப்பிட்டு நான் வந்தபோது, உன் பழைய ஆபீஸ்காரி ஒருத்தி, "இது ஆரு?" என்று கேட்டாள். நீ அப்போதும் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தாய். நான் தேங்காய்க் கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன். உனக்கு அந்தப் பார்வை ஒரு ருசியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஆஸ்பத்திரி. இதை லீனாவிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும், நீதான் அங்கே இருந்தாய்.

உன்னை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று, நர்ஸ் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மயாணோ?" என்று என்னைக் கேட்டாள், உன் அம்மாவா என்று. மூன்று நாளாக மூடியே கிடந்த உன் கண் திறந்தது. என்மேல் நின்றது. அதே பார்வை. படுத்த படுக்கையிலும் விடமாட்டேன் என்கிறாயே என்று எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு தரம் நான் உன்னை ஜெயிக்க நினைத்தேன். "யாத்ரயில் பரிசயப்பெட்டதா" என்றேன், பிரயாணத்தில் பழக்கமானவள் என்று. நர்ஸ் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நீயும் சிரிப்பாய் என்றுதான், சத்தியமாக, ஒரு மூலையில் நினைத்தேன். "செரி" என்றாய். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஃபாரத்தில் உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உனக்குத் தெரியாது. நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

செவ்வாய்க்கிழமை நான் கதவைத் திறந்ததும் லீனா என்னைக் கட்டிக்கொண்டு, "மகளே!" என்றாள். தமிழில். நீ சொல்லிக்கொடுத்த வார்த்தையாம். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நீ இல்லை என்று தெரிந்ததும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துச் சொன்னாள். முதல் நாளே எல்லாருக்கும் தெரியுமாம், இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நான் இல்லை என்று சொன்ன அன்று சாயங்காலம் ஹாஸ்டல் சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டே நீ அவர்களிடம் கேட்டுக்கொண்டாயாம், யாரும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று. அவளே சொல்லட்டும், வெளி மனுஷர்கள் முன்னால் ஒரே ஒரு தரம், இவள் என் அம்மா என்று அவள் வாயால் சொன்னால் போதும், அன்றோடு விட்டுவிடுவேன் என்றாயாம்.

அந்த ஐந்து நாளும் ஒவ்வொரு சாப்பாட்டிலும் அவர்கள் நான்கு பேரும் காத்திருந்தார்களாம். நீ கதை சொல்வாய், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று. நான் நூடுல்ஸைப் பார்த்தேன்.

அந்தக் கதைகள் எவ்வளவு அழகு என்று லீனா ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னாள். விரலால் தலை கோதிப் பின்னியது. செருப்பு. கம்பு. அவள் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ யாரையும் ஜோடிக்கவில்லை. அதெல்லாம் நான் செய்தது. அந்த ஆஸ்பத்திரிப் படியை நான் அடியோடு மறந்திருந்தேன், நீ மறக்கவில்லை. கம்பு நான் வாங்கியது என்று எதிரே உட்கார்ந்து கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

லீனா கடைசியில் கேட்டாள், எப்போதுதான் சொன்னாய், அம்மா சந்தோஷப்பட்டாளா என்று. நான் காப்பி போட எழுந்து போனேன்.

உன்மேலும் கோபம் இருக்கிறது, அம்மா. மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். "சொல்லுடி" என்று ஒரு தரம் அதட்டியிருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பேன். சமையலறையில் நான் கெஞ்சியது உனக்குப் போதவில்லை, சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் பெற்ற பெண்ணுக்கு வெள்ளி டம்ளரில் காப்பி கொடுக்க ஒருத்திக்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும். அந்த நெஞ்சழுத்தம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பதை லீனாவே மூக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

இன்று காலை அவள் விதுரா போய் அங்கிருந்து பொன்முடி மலை ஏறக் கிளம்பினாள். அவள் பையின் தோள்வார் தையல் விட்டுப் போயிருந்தது. உன் அம்மா ஒரு நீலப் பை வைத்திருந்தாளே, இரண்டு நாளைக்குத் தருகிறாயா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உன் புடவைத் தண்ணீரில் நனைந்தவள், நீ விலாசம் எழுதிக்கொடுத்துக் கூப்பிட்டவள். பரணில் ஏறி எடுத்தேன். ஜிப்பைத் திறந்தேன். அந்த வாசனை வந்தது. அவள் கையை நீட்டினாள்.

"தரமுடியாது. இது என் அம்மாவோடது" என்றேன்.

தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது "அம்மா" ஒன்றுதான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அந்த மேஜையில் பார்த்திருப்பாளே, அப்படித்தான் இருக்க வேண்டும். தன் பையின் வாரைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஒரு தோளில் தொங்கப்போட்டபடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

சொல்லிவிட்டேன், அம்மா. வெளி மனுஷி முன்னால், என் வாயால். உனக்காக இல்லை, ஒரு பையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல். பை என் மடியில் இருக்கிறது. சாயங்காலம் பரணில் ஏற்ற வேண்டும்.