மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவே

டீச்சர்,

கடுக்காயும் வெல்லமும் ஊறுகிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பாகு. நம் பள்ளிக்கூட வாசலில் மூன்று டிரம்களில் ஊறப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில் கலந்துதான் அந்தக் காலத்தில் சுவர் பூசினார்களாம். உதிர்ந்த இடங்களை இப்போது அதே மாதிரி பூசுகிறார்கள். போன வாரம் அங்கே போய் வந்தேன். சேலையை இரண்டு தரம் அலசியும் வாசனை போகவில்லை. அதைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கட்டடத்தை இடிக்க வேண்டாம், செப்பனிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. எது பழசு, எது பின்னால் சேர்த்தது என்று சொல்ல ஆள் தேடியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அடையாறிலேயே கிடக்கிற நான்தான் அகப்பட்டேன்.

நாம் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய நீளக் கூடத்தை ஆர்க்கிடெக்ட் பெண் ஒருத்தி எனக்கே சுற்றிக் காட்டினாள். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் நிறுத்தி வைத்து அடுக்கிய சின்னச் செங்கற்கள், முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். கரண்ட் இல்லாத நாளில் ஃபேனைத் திட்டுவதற்காக மட்டும் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தவள் நான். கடல் காற்று கிழக்கு ஜன்னலில் நுழைந்து மேற்கு வராண்டா வழியாக வெளியேற வேண்டும் என்றுதான் கூடத்தை இப்படி நெடுக்கக் கட்டியிருக்கிறார்கள் என்றாள். பிறகு நடுச்சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"மேடம், இது மட்டும் ஒரிஜினல் இல்ல. வெறும் சிமென்ட். காத்தையே அடைச்சிருக்கு. இத யாரு கட்டச் சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"தெரியாதும்மா" என்றேன்.

ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து, பேத்தி வயசுப் பெண்ணிடம் பொய்.

அந்தச் சுவர் இருக்கும் இடத்தில் மடக்குக் கதவு இருந்ததே, நினைவிருக்கிறதா? எட்டுப் பலகை. ஆண்டு விழாவன்று மடக்கி ஓரமாகத் தள்ளினால் இரண்டு வகுப்பும் ஒரே கூடம். மற்ற நாளெல்லாம் அந்தப் பக்கம் உங்கள் மூன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் என் நான்காம் வகுப்பு. கதவு என்று பேர்தானே தவிர, உங்கள் குரலுக்கு அது ஒரு தடையே இல்லை. நீங்கள் அங்கே வாய்ப்பாடு கேட்பீர்கள், என் பிள்ளைகள் இங்கே பதில் சொல்லும். "தேங்க்ஸ் நாலாம் வகுப்பு!" என்று இடுக்கு வழியாகச் சத்தம் கொடுப்பீர்கள். இரண்டு பக்கமும் சிரிக்கும். நான் பிரம்பால் மேஜையைத் தட்டுவேன்.

ஒருநாள் இன்ஸ்பெக்ஷன். அதிகாரி என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டு ஆறுகள் பாடம். "பாலாறு எங்கே உற்பத்தி ஆகிறது?" என்று நான் கேட்க, அதே நேரம் நீங்கள் அந்தப் பக்கம் "ஏழெட்டு?" என்று கேட்க, என் பிள்ளைகள் நாற்பதும் ஒரே குரலில் "ஐம்பத்தாறு!" என்றன. அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாரமே ஹெட்மாஸ்டரிடம் யாருக்கும் தெரியாமல் மனுக் கொடுத்தேன். கதவை எடுத்துவிட்டுச் சுவர் கட்டித் தரவும், என் வகுப்புக்கு அமைதி தேவை.

கோடை விடுமுறையில் கட்டிவிட்டார்கள். ஜூனில் திறந்ததும் நீங்கள் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் கட்டியிருக்காங்க டீச்சர்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த மார்ச்சிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் பக்கம் ஒருபுறம் ஆபீஸ் ரூம், மறுபுறம் ஸ்டோர் ரூம். காற்று வர என் பக்கத்தை விட்டால் வேறு வழி கிடையாது. ஈரக் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினீர்கள். சாப்பாட்டு வேளையில் என் ஜன்னலோரம் வந்து, "உங்க பக்கம் காத்து இருக்கு டீச்சர், ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்" என்பீர்கள். நான் நாற்காலியை நகர்த்திப் போடுவேன். வாயைத் திறக்க மாட்டேன். பதினோரு வருஷம் அப்படியே போயிற்று.

வடபழனியில் உங்கள் மகன் வீட்டுக்கு வந்தேனே, அதைச் சொல்லிவிடத்தான் வந்தேன். நீங்கள் ரவை வறுத்து உப்புமா கிண்டிக் கொடுத்தீர்கள். "என்ன டீச்சர், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?" என்றீர்கள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்து அந்த வீட்டுக்கு வந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

நம் ஆயா மல்லிகா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஊரூர் குப்பத்திலிருந்து அதே நடை, அதே வெற்றிலை. நான் ஆர்க்கிடெக்ட் பெண்ணிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வராண்டாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், தெரியாதுன்ட்டீங்க? நீங்க எழுதிக் குட்த்துதானே கட்னாங்க?"

"உனக்கு யார் சொன்னது?"

"நான்தான் டீ எட்த்துக்கினு போனேன். பெரிய சாரு உங்க லெட்டர அந்த டீச்சராண்ட காட்டி, நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேட்டாரு. அவுங்க பட்ச்சிட்டு சிரிச்சாங்கோ. கட்டிடுங்க சார், என் தொண்டைக்கு வேற மருந்து கெடையாதுன்னாங்கோ. வெளிய வந்து என்னாண்ட, டீச்சருக்கு இது தெரிய வேணாம் மல்லிகா, சங்கடப்படுவாங்கன்னு சொன்னாங்கோ."

வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் டீச்சர்? ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போய் மனுவைத் திரும்பக் கேட்டிருப்பேன். வடபழனியில்கூட எல்லாம் தெரிந்துகொண்டுதானே என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்?

உள்ளே போய் அந்தப் பெண்ணிடம், "நான்தான் கட்டச் சொன்னேன். இடித்துவிடும்மா" என்றேன். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு தகவல்.

சனிக்கிழமை இடித்தார்கள். மடக்குக் கதவின் பலகைகள் ஸ்டோர் ரூமில் அப்படியே இருக்கின்றன, ஒன்றை மட்டும் கரையான் தின்றிருக்கிறது. அதைப் புதிதாகச் செய்து, பழையபடி மாட்டப்போகிறார்கள். ஆட்கள் சாப்பிடப் போன பிறகு உங்கள் மேஜை இருந்த இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி வாக்கில் கடல் காற்று வந்தது. என் ஜன்னலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, உங்கள் இடத்துக்கு வந்து, என் முகத்தில் பட்டது. உங்களுக்கு வரவேண்டிய காற்று.

என்னையறியாமல், "ஏழெட்டு?" என்று கேட்டுவிட்டேன். உரக்கத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மல்லிகா எட்டிப் பார்த்து, "கூப்ட்டீங்களா டீச்சர்?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அமைதி வேண்டும் என்று மனுக் கொடுத்தவளுக்கு இப்போது வீடு முழுக்க அமைதிதான். குக்கர் சத்தம் போட்டால்தான் பேச்சுத் துணை. மதியம் காற்று வீசும்போது அந்த இன்ஸ்பெக்ஷன் நாள் நினைவுக்கு வருகிறது. நாற்பது பிள்ளைகள் ஐம்பத்தாறு என்று கத்துகின்றன, அந்தப் பக்கம் நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது டீச்சர். சேர்ந்து சிரிக்கத்தான் அந்தப் பக்கம் நீங்கள் இல்லை.