பத்தொன்பது மலட்டு மரங்கள்

தைப்பிங்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விக்னேஸ்வரனுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் என் எண்ணை அடைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

பீடோர் கோயில் திருவிழாவில், பந்தியில் வைத்து, "மச்சான் வேணும்னே கழிசல் கன்னாப் பாத்துக் குடுத்துட்டாருலா" என்று சொன்னீர்களாம். தங்கச்சி தினேஸ்வரி அழுதுகொண்டே சொன்னாள். நீங்கள் நிலம் வாங்கியபோது எண்பது செம்பனைக் கன்றுகளை வளர்த்து லோரியில் கொண்டுவந்து இறக்கியவன் நான். மண்டோராக ஆட்களைக் கண்காணித்து வேலை வாங்கிய தோட்டத்தில் நன்றாகக் காய்த்த மரமாகப் பார்த்து, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி முளைக்க வைத்தேன். அதுவா கழிசல்?

பத்தொன்பது மரத்தில் குலை அழுகுகிறது, இருபதில் கொட்டையின் ஓடு தடித்து எண்ணெய் ஆலையில் ஒதுக்குகிறார்கள். உண்மைதான். ஏன் என்று யாரையாவது கேட்டீர்களா? நான் கேட்டேன். நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் குமுதா தாளில் வரைந்து காட்டினாள். தோட்டத்து மரம் கலப்பு மரம். ஒரு பக்கம் தடித்த ஓட்டு மரபணு, மறுபக்கம் ஓடே இல்லாத மரபணு. ஒன்று மற்றதை முழுதாக அடக்காததால்தான் மெல்லிய ஓடு, நிறைய எண்ணெய். அதன் விதையை முளைக்க வைத்தால் அந்த இரண்டும் பிரிந்துவிடும். நாலில் ஒன்று முழுக்கத் தடித்த ஓடு. நாலில் ஒன்று ஓடில்லாதது. செழிப்பாக வளர்ந்து பெரும்பாலும் மலடாக நிற்குமாம். மிச்சப் பாதிதான் தாய்மரம் மாதிரி. கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்றாள்.

காய்த்த மரத்து விதையெல்லாம் காய்க்கும் என்று நம்பிய முட்டாள் நான். வஞ்சகன் இல்லை. என் வீட்டுப் பின்னால் நட்ட எட்டிலும் இரண்டு மலடு. எனக்கு நானே குழி பறித்துக்கொள்வேனா?

இப்போது உங்கள் மகள் ஷாமினி கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் உங்கள் நண்பர் தனேஷ் நிற்கப் போகிறாராம். நான் என்ன செத்தா போய்விட்டேன்? அவளுக்குக் காது குத்தியது என் மடியில் மாப்பிள்ளை!

அந்தப் பத்தொன்பது மரத்தையும் நானே வந்து வெட்டித் தருகிறேன். பண்ணைக் கன்று வாங்கி நானே குழி தோண்டி நடுகிறேன். பந்தியில் என்னை இன்னும் நாலு வார்த்தை திட்டுங்கள். மணவறைக்கு வரும்போது மட்டும் என் மருமகள் கையை வேறு யாரும் பிடிக்க வேண்டாம்.

பிள்ளை நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.

தினேஸ்வரியின் கூடப்பிறந்தவன்,
கோகிலன்