பதினெட்டும் முப்பதும்

டிசம்பர் 4

விடிந்ததும் பவதாரிணியின் போன். மகள் சென்னையில் இருந்துகொண்டு மதுரைக் குளிரை எனக்குச் சொல்கிறாள். "அம்மா, அங்க பதினெட்டு டிகிரி காட்டுது. வாசல் தெளிக்கிறேன்னு எந்திரிச்சிராத."

பதினெட்டில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பளிக்குள் இருந்தேன். மத்தியானம் முப்பது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முதுகில் வெயில் இறங்கி, நெஞ்சு தானாக லேசாகிறது.

ஆனாலும் பயம். வாக்குக் கொடுத்திருக்கிறேன். தீபாவளி சமயம் வீசிங் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பவா சொன்னாள்: பொங்கலுக்குள் இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவளோடு போய்விட வேண்டும். சரி என்றேன். ஏன் சொன்னேன்? மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது எதற்கும் சரி என்றிருப்பேன்.

டிசம்பர் 7

"சென்னைல ராத்திரி இருபத்திரண்டுக்குக் கீழ போறதேயில்லம்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒரு வகுப்பு எப்படின்னு கடைசி மார்க்கை மட்டும் வச்சுச் சொல்லுவியாடி? முதல் மார்க் எம்புட்டுன்னு பாக்க வேண்டாமா? எங்க ஊரு பகல்ல முப்பது எடுக்குதே."

"ஃபெயிலாகுற பிள்ளையைத்தானம்மா டீச்சர் கவனிக்கணும்?"

வாடிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தது அது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கீழ்வீட்டில் தையல் மெஷினில் இருந்த முனீஸ்வரிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "பதினெட்டுக்கே ஆத்தாளும் மகளும் இம்புட்டுச் சண்டையா? கொடைக்கானல்காரன் கேட்டா சிரிப்பான் டீச்சர்."

டிசம்பர் 12

காலை பத்தொன்பது. இன்ஹேலரைத் தொடவில்லை.

டிசம்பர் 16

கடலில் புயல் சின்னமாம். இங்கே நேற்றிலிருந்து மூட்டம், விட்டு விட்டுத் தூறல். பவாவுக்கு ஒரே சந்தோஷம். "இன்னைக்கு இருபத்திரண்டும்மா. கவலையில்ல."

மத்தியானமும் இருபத்துநாலுதான். நாற்காலி மாடியில் நனைந்து கிடக்கிறது.

டிசம்பர் 17

கொடியில் போட்ட சேலை இன்னும் சதசதவென்று இருக்கிறது. சுவரைத் தொட்டால் ஜில்லென்கிறது. ராத்திரி என்றால் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். பகலில்? உலை வைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும்.

காலையில் பட்டினியோடு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மத்தியானச் சோறு உள்ளே போனதும் முகம் தெளிந்துவிடும். நாள் முழுக்க அரை வயிறாக இருக்கும் பிள்ளைதான் வரிசையில் நிற்கும்போது மயங்கி விழும். என் நெஞ்சுக்கு மூன்று நாளாக மத்தியானச் சோறு இல்லை.

இன்ஹேலர் அடிக்கடி வேண்டியிருக்கிறது. பவா கேட்கவில்லை. அவள் கணக்கில் இன்று நல்ல நாள். நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 19

எழுத்து கோணுகிறது.

நேற்று மத்தியானம் அடுப்படியில் நின்றபடியே மூச்சு அடைத்துக்கொண்டது. கரண்டி விழுந்த சத்தம் கேட்டு முனீஸ்வரி ஓடி வந்தாள். "கொஞ்சம் உக்காந்தா சரியாப்போகும்" என்றேன். "வாயை மூடிக்கிட்டு ஆட்டோவுல ஏறுங்க டீச்சர்." தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு நெபுலைசர் வைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படுக்கையில் சேர்க்கவில்லையே. அப்படியென்றால் இது கணக்கில் வராதுதானே? — சீ, என்ன புத்தி இது.

வீட்டுக்கு வந்ததும் பவாவின் போன். "இன்னைக்கும் இருபத்திரண்டுதான். நல்லாத்தானம்மா இருக்க?"

"ம்."

அந்த ஒரு "ம்" உள்ளே முள்ளாகக் குத்துகிறது. பகலைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது சரியாகிவிட்டது. அது சரியானதாலேயே வீட்டை விட்டுப் போகப்போகிறேன். எனக்கு எதுக்கு இந்த ஜெயிப்பு?

டிசம்பர் 20

முனீஸ்வரி கஞ்சியை வைத்துவிட்டு நகரவில்லை. "நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

நானே சொன்னேன். பவா திட்டவில்லை. "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 21

வந்துவிட்டாள். திரும்பிப் போக இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறாள். சாப்பிட்டதும் என் சேலைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. வாக்கு வாக்குதான்.

நாலாவது சேலையைத் தொட்டவள் நின்றாள். "இது ஈரமா இருக்கும்மா."

"எல்லாமே ஈரந்தான். வாரம் முழுக்க இப்படித்தான் கெடக்கு."

அதையே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடவில்லை.

டிசம்பர் 23

வெயில் வந்தது.

சேலைகளை எல்லாம் பவாவே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் விரித்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். விழித்தபோது என் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விசில் சத்தமே இல்லம்மா."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெயில் பக்கம் நகர்த்திக்கொண்டேன். பேசினால் பாடம் நடத்தியதாக ஆகிவிடும்.

"எங்க பால்கனிக்கு வெயிலே வராது" என்றாள், நான் கேட்காமலே. "எதிர்ல பில்டிங். துணியெல்லாம் ஃபேனுக்கு அடியிலதான் காயும்." பிறகு போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒரு டிக்கெட்டை கேன்சல் பண்றேன்." என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூட்டம் போட்டா நீதான் மொதல்ல சொல்லணும். 'ம்'முன்னு மறைச்சா அடுத்த தடவை கேன்சல் கெடையாது."

டிசம்பர் 29

விடியற்காலைப் போன் நின்றுவிட்டது. இப்போது மத்தியானம்தான் கூப்பிடுகிறாள். பதினெட்டா பத்தொன்பதா என்று கேட்பதில்லை. "சேலை காஞ்சிருச்சாம்மா?"

ஜனவரி 8

காலை இருபத்தொன்று. கம்பளி வேண்டியிருக்கவில்லை. முனீஸ்வரி கூட, "இன்னைக்குக் குளிரே இல்ல டீச்சர்" என்றாள்.

பதினொரு மணிக்கு மாடிக்குப் போனேன். நாற்காலிக்கு நிழல் விழவில்லை. வானம் முழுக்க மூட்டம். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

இறங்கி வந்து நானே முதலில் பவாவைப் போனில் கூப்பிட்டேன்.